வீட்டு வை-பையும் அதன் பின்வழிக் கம்பியும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோருட் பலர் ஊரிலே, தாம் வாழ்ந்து பழகிய வளவிலேயே இருக்கின்றனர். இவ்விரு சாராரும் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுவது வீட்டு இணைய இணைப்பின் வழியாகவேயாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டபோது மாணாக்கரின் கல்வியும் அவ்விணைப்பையே நம்பி நின்றது. ஆகவே வீட்டின் அறைதோறும் இணையம் தடையின்றிச் செல்லுதலை ஆடம்பரம் என்று இனி ஒதுக்குதல் இயலாது.

இத்தேவையை உணர்ந்த பிள்ளைகள், மூன்று நிலையங்கள் கொண்ட மெஷ் தொகுதி ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்புகின்றனர். அது பொருத்தப்பட்ட பின்னரும், "படம் நின்றுவிடுகிறது, குரல் வெட்டி வெட்டி வருகிறது" என்னும் முறைப்பாடு தீர்வதில்லை. உடனே நான்காவது நிலையம் ஒன்றை வாங்குவோரும் உளர். அதனாற் சிலவேளை நிலைமை மேலும் கெடுவதுண்டு. குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. கருவிகளுக்கு இடையேயுள்ள வழியிலேயே இருக்கின்றது. அவ்வழியின் இயல்பையும், அதனைக் கம்பியால் அமைக்கும் முறையையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மெஷ் என்பது யாது?

வை-பை என்பது வானொலி அலையின் வழியாகக் கணினிச் செய்தியைக் கடத்தும் முறையாகும். ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 802.11 என்னும் நியமம் அதற்கு அடிப்படை. அந்நாளில் அதன் உச்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிற்று மாத்திரமே. வேகம் பன்மடங்கு வளர்ந்த பின்னும், ஒரு றவுட்டரின் அலை பெரிய வீடு முழுவதற்கும் எட்டாமை ஒரு குறையாகவே இருந்து வந்தது. அதனை நீக்குதற்பொருட்டு, பல நிலையங்களை வீட்டின் பல இடங்களில் வைத்து, அவை ஒரே பெயருடைய ஒரே வலையமைப்பாக இயங்குமாறு செய்தனர். இதுவே மெஷ் ஆகும். வீட்டுப் பாவனைக்குரிய தொகுதிகள் 2016ஆம் ஆண்டளவிற் சந்தைக்கு வந்தன. இவற்றுட் பல, தத்தம் உற்பத்தியாளர் வகுத்த முறைப்படி இயங்குவன. ஆதலால் ஒரு நிறுவனத்தின் நிலையம் பிறிதொரு நிறுவனத்தின் நிலையத்தோடு பெரும்பாலும் சேராது.

இணையத்தோடு நேரே தொடுக்கப்பட்ட நிலையத்தைத் தலைநிலையம் என்றும், ஏனையவற்றைக் கிளைநிலையங்கள் என்றும் வழங்குவோம். நம் கையிலுள்ள தொலைபேசிக்கும் கிளைநிலையத்துக்கும் இடையே ஒரு பயணம் உண்டு. கிளைநிலையத்துக்கும் தலைநிலையத்துக்கும் இடையே வேறொரு பயணமும் உண்டு. இவ்விரண்டாவது பயணத்தின் வழியே ஆங்கிலத்தில் பாக்ஹோல் எனப்படும். யாம் அதனைப் பின்வழி என்போம். பலர் முதற் பயணத்தையே கருத்திற் கொள்கின்றனர். தொலைபேசித் திரையில் அலைக்குறி முழுமையாகத் தோன்றுவதைக் கண்டு, இணைப்பு நன்றாயுள்ளது என எண்ணுகின்றனர். அக்குறி காட்டுவது கிளைநிலையத்தின் அண்மையை மாத்திரமே. பின்வழியின் நிலையை அது காட்டாது.

அலைவழியில் நேரும் இழப்பு

ஒரே அலைத்தடத்தில் இயங்கும் நிலையம், கேட்கும்போது பேசமாட்டாது, பேசும்போது கேட்கமாட்டாது. எனவே தலைநிலையத்திலிருந்து வந்த செய்தியைக் கிளைநிலையம் முதலிற் கேட்டு வாங்கி, பின்னர் அதே தடத்தில் மீளச் சொல்லுதல் வேண்டும். அத்தடம் வினாடிக்கு 200 மெகாபிற்றுக் கடத்த வல்லது என வைத்துக்கொள்வோம். ஒரே செய்தி இருமுறை செல்லுதலால், நமக்குக் கிடைப்பது 100 மெகாபிற்றுக்கு மேற்படாது. அப்பால் இன்னொரு கிளைநிலையம் அதே தடத்தில் வாங்கிக் கொடுக்குமாயின், செய்தி மும்முறை செல்லும்; அப்போது கிடைப்பது ஏறத்தாழ 66 மெகாபிற்றே. நடைமுறையில் இவ்வளவும் கிடைப்பது அரிது. பின்வழிக்கெனத் தனி வானொலி ஒன்றைக் கொண்ட உயர்தரத் தொகுதிகளில் இவ்விழப்புக் குறைவாகும். ஆயினும் இடையே நிற்கும் சுவர் அவற்றுக்கும் சுவரே.

நம் ஊரிற் சுவரை எளிதாகக் கருதுதல் கூடாது. பழைய நாற்சார் வீடுகளின் சுண்ணாம்புக்கற் சுவர்கள் நல்ல கனமுடையவை. பிற்காலத்தில் எழுந்த மாடிகளிலோ இரும்புக் கம்பி பாவிய கொங்கிறீற்றுத் தட்டு உண்டு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். அதிர்வெண் கூடுந்தோறும் சுவரை ஊடுருவும் ஆற்றல் பொதுவாகக் குறைகின்றது. கூடிய வேகந் தரும் அலையே சுவரில் விரைவாகத் தளர்கின்றது என்பது இதனாற் பெறப்படும். தண்ணீர்த் தாங்கி, இரும்புக் கதவு, பெரிய கண்ணாடி ஆகியனவும் அலையைத் தடுப்பனவே.

முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு வினாடிக்குச் சில மெகாபிற்றே போதும். அங்ஙனமாயின் அழைப்பு முறிவது ஏன்? செய்தித் துண்டுகள் சீராக வந்து சேராமையே காரணம். அயல்வீட்டு அலை குறுக்கிடும்போதும், ஒரு துண்டு கெட்டு மீள அனுப்பப்படும்போதும், தாமதம் ஏறியும் இறங்கியும் வரும். அழைப்போ அடுத்த துண்டுக்காக நெடுநேரம் காத்திருக்க மாட்டாது. வேகம் அளக்கும் செயலி பெரிய எண்ணைக் காட்டும் வீட்டிலும் தாயின் குரல் துண்டுபடுதல் இதனாலேயாம். ஈதர்நெற் கம்பியிலோ, வீட்டளவான தூரத்தைச் செய்தி ஒரு மில்லிவினாடிக்குள், பெரும்பாலும் மாறாத நேரத்திற் கடந்துவிடும்.

கம்பி வந்த வரலாறு

கம்பிவழியின் வரலாறு அலைவழியிலேயே தொடங்குகின்றது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏபிரம்சன் தலைமையில், தீவுகளுக்கிடையே வானொலியாற் கணினிகளை இணைக்கும் அலோகா வலையமைப்பு 1971இல் இயங்கத் தொடங்கிற்று. அதில் எந்நிலையமும் விரும்பியபோது பேசும். இரு பேச்சு மோதினால் இரண்டும் கெட்டு, மீள அனுப்பப்படும். இம்முறையில் தடத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 வீதமே பயன்படும் என்பது கணித்தறியப்பட்டது. இதனை ஆராய்ந்த றொபேட் மெற்காஃப் என்பார், சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுநிலையத்தில் 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் தேதி எழுதிய குறிப்பொன்றில், அதே கருத்தைக் கம்பிக்குப் பொருத்தி, ஈதர்நெற் எனப் பெயரிட்டார். ஒளியைத் தாங்கிச் செல்வதென முன்னையோர் கருதிய ஈதர் என்னும் பொருளின் பெயரே அது. டேவிட் பொக்ஸ் என்பார் அவருடன் சேர்ந்து அதனைச் செயற்படுத்தினார். 1983இல் அது 802.3 என்னும் நியமமாயிற்று.

முதலிற் பயன்பட்டது தடித்த ஓரச்சுக் கேபிள். 1990இல் முறுக்கிய சோடிக் கம்பிக்குரிய நியமம் வந்தது. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிடின், வெளியிலிருந்து வரும் மின்தொந்தரவு இரண்டையும் ஏறக்குறையச் சமமாகத் தாக்கும். பெறுங்கருவி இரண்டுக்குமுள்ள வேறுபாட்டையே வாசிக்குமாதலின், அத்தொந்தரவு கழிந்துபோகும். இவ்வுத்தி தொலைபேசிக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இற் காப்புரிமை பெற்றதொன்று. நான்கு சோடிகளையும் பயன்படுத்தி வினாடிக்கு 1 கிகாபிற்றுக் கடத்தும் நியமம் 1999இல் வெளியாயிற்று. வீட்டுப் பின்வழிக்கு இன்றும் அது தாராளமாகப் போதும்.

அளத்தலும் தெரிதலும்

முதற்கண் வீட்டின் படத்தைத் தாளில் வரைக. இணையம் வீட்டுக்குள் நுழையும் இடத்தைக் குறிக்க. பின்னர், மக்கள் உண்மையில் இருந்து பேசும், படிக்கும் இடங்களைக் குறிக்க. எடுத்துக்காட்டாக, முன்மண்டபத்தில் இணைப்பு வருகின்றது. முற்றத்துக்கு அப்பாலுள்ள அறையில் தாயார் இருக்கின்றார். மேல்மாடியிற் பிள்ளைகள் படிக்கின்றனர் எனின், முன்மண்டபத்தில் தலைநிலையமும் ஏனை ஈரிடத்திலும் கிளைநிலையங்களும் வேண்டும். அலைவழியாயின், கிளைநிலையத்தைத் தலைநிலையத்தின் அலை எட்டும் இடைவழியில் வைத்தல் வேண்டும். கம்பிவழியில் அக்கட்டுப்பாடு இல்லை. தேவையான அறையின் உள்ளேயே வைக்கலாம்.

கேபிள் செல்லும் பாதையை ஒரு கயிற்றால் அளந்து, அதனுடன் இரண்டு மூன்று மீற்றர் கூட்டிக்கொள்க. ஒரு தொடுப்பின் மொத்த நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது. நம் வீடுகளில் அவ்வெல்லையை எட்டுதல் அரிது.

கற் 5ஈ வகைக் கேபிள் 1 கிகாபிற்றுக்குப் போதுமானது. புதிதாக இடுவோர் கற் 6 இடுதல் நன்று. அது 55 மீற்றர் வரையில் 10 கிகாபிற்றுக்கும் இடந்தரும். சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் நிலையாக இடுவதற்கு ஒற்றைத் திண்கம்பி உடையதும், கருவிக்கும் சொக்கற்றுக்கும் இடையே தொடுப்பதற்குப் பல மென்கம்பி உடையதும் உகந்தன.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சிட்ட கேபிள் மலிவாக விற்கப்படுகின்றது. அது எளிதில் முறியும், தடையும் கூடியது. கத்தியாற் சுரண்டிப் பார்க்குமிடத்து உள்ளே வெண்மை தோன்றினால் அது செம்பன்று. சுருளின் எடை மிகக் குறைவாயிருத்தலும் ஓர் அறிகுறி. நிலையங்களை வாங்குமுன், ஒவ்வொன்றிலும் ஈதர்நெற் துளை உண்டா என்பதையும், அதன் வேகம் 100 மெகாபிற்றா 1 கிகாபிற்றா என்பதையும் பார்த்துக்கொள்க. துளையே இல்லாத கிளைநிலையங்களும் விற்பனைக்கு உள்ளன.

இடுதலும் முனை கட்டுதலும்

கேபிளை பீ.வீ.சீ. குழாயினுள் இடுக. 230 வோற்று மின்கம்பி செல்லும் குழாயினுள் இதனை ஒருபோதும் இடலாகாது. அது உயிருக்கே ஆபத்து. இரண்டும் ஒருதிசையிற் செல்லவேண்டின் ஓரடியளவு இடைவெளி விடுக. குறுக்கிடவேண்டின் செங்கோணமாகக் குறுக்கிடச் செய்க. வளைவின் ஆரை கேபிள் விட்டத்தின் நான்கு மடங்கிற் குறையலாகாது. வலிந்து இழுத்தலும், ஆணியால் இறுக அடித்தலும் உள்ளேயுள்ள முறுக்கைக் குலைக்கும். ஓட்டுக்கூரையினுள் அணிலும் எலியும் கடிக்குமாதலால் அங்கும் குழாய் வேண்டும். வெளிச்சுவரிற் செல்லும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறையுடைய கேபிளே ஏற்றது. கேபிள் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் துவாரத்துக்குச் சற்று முன் அது கீழே தொங்கி மேலேறுமாறு விடின், மழைநீர் அதன்வழி உள்ளே வாராது.

முனை கட்டுதற்கு இரு நிறவொழுங்குகள் உள. அவற்றுள் ரி568பி என்பது இடமிருந்து வருமாறு: வெண்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெண்பச்சை, நீலம், வெண்ணீலம், பச்சை, வெண்கபிலம், கபிலம். பிளக்கின் கொளுவி கீழ்நோக்க, கம்பி நுழையும் துளை எம்மை நோக்கப் பிடித்து இவ்வாறு எண்ணுக. இரு முனைகளிலும் ஒரே ஒழுங்கு இருத்தல் வேண்டும். பச்சைச் சோடி நீலச் சோடியின் இருபுறமும் பிரிந்து நிற்றலைக் கவனிக்க. நிறங்களைத் தன்போக்கில் இரு முனையிலும் ஒரேமாதிரி அடுக்கினாற் போதுமெனக் கருதுவோர், ஒரு சோடியின் இரு கம்பிகளையும் வெவ்வேறு சோடிகளாக்கி விடுகின்றனர். சாதாரண விளக்குச் சோதனைக்கருவி அதனைச் சரியெனக் காட்டினும், கேபிள் வேகத்தைத் தாங்காது. முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் அவிழ்த்தலும் ஆகாது.

நிலையங்களை இணைக்கும் ஒழுங்கு

இவ்விடத்திலேயே பலர் இடர்ப்படுகின்றனர். ஒழுங்கு இதுவாகும்: இணையம் வழங்குநரின் பெட்டியிலிருந்து ஒரு கம்பி தலைநிலையத்துக்கு, தலைநிலையத்திலிருந்து ஒரு கம்பி ஈதர்நெற் சுவிச்சுக்கு, சுவிச்சிலிருந்து ஒவ்வொரு கிளைநிலையத்துக்கும் ஒவ்வொரு கம்பி. கிளைநிலையத்தின் கம்பியை வழங்குநரின் பெட்டியில் நேரே செருகினால், அது தலைநிலையம் ஆளும் வலையமைப்புக்குப் புறம்பாகி நின்று குழப்பம் விளைக்கும்.

வழங்குநரின் பெட்டி தானே ஒரு றவுட்டராகவும் இருப்பது வழக்கம். அப்போது இரு றவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று இரண்டும் முகவரி வழங்கும். அதனைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, வழங்குநரின் பெட்டியைப் பாலநிலைக்கு மாற்றுவித்தல். மற்றையது, மெஷ் தொகுதியை அணுகுநிலைய முறைக்கு மாற்றுதல். எவ்வழியாயினும், வழங்குநரின் பெட்டியிலுள்ள வை-பையை நிறுத்திவிடுக.

பல தொகுதிகளில், கிளைநிலையத்தை முதலில் தலைநிலையத்தின் அருகே வைத்து அலைவழியாக அறிமுகஞ் செய்து, அதன் பின்னரே உரிய அறைக்குக் கொண்டுசென்று கம்பியைச் செருகுதல் வேண்டும். சிலவற்றிற் கம்பிப் பின்வழியைச் செயலியில் தனியே இயக்கிவைத்தலும் வேண்டும்.

ஒரு கிளைநிலையத்துக்கும் சுவிச்சுக்கும் இடையே இரு கம்பிகள் இடலாகாது. அது வேகத்தை இரட்டிப்பாக்காது. செய்தி வட்டமாகச் சுழன்று வலையமைப்பு முழுவதையும் முடக்கிவிடும். இவ்வட்டத்தைத் தானே கண்டு அறுக்கும் முறையை 1985இல் றேடியா பேள்மன் என்னும் அம்மையார் வகுத்தார். எனினும் மலிவான சுவிச்சுகளில் அது பெரும்பாலும் இராது.

சோதித்தல்

கம்பி செருகிய பின், செயலியில் அக்கிளைநிலையம் கம்பித் தொடுப்பெனக் காட்டப்படுகின்றதா என நோக்குக. அடுத்து, தொடுப்பின் வேகத்தை நோக்குக. அது 1000க்குப் பதிலாக 100 எனக் காட்டின், கேபிளில் ஏதோ ஒரு கம்பி தொடாதிருக்கலாம். 100 மெகாபிற்றுக்கு இரு சோடிகள் போதும். 1000க்கு நான்கு சோடியும் வேண்டும். ஆதலின் பழுதுற்ற கேபிளும் ஓடுவதுபோலவே தோன்றும். முனையை மீளக் கட்டுதலே இதற்கு மருந்து.

இறுதியாக, மேல்மாடியிற் பெரிய கோப்பொன்றைப் பதிவிறக்கிக்கொண்டே பின்னறையிலிருந்து ஓர் அழைப்பை எடுத்துப் பார்க்க. அப்போதும் குரல் சீராக வருமாயின் வேலை முற்றுப்பெற்றதெனலாம்.

மின்னலும் மின்வெட்டும்

நம் நாட்டில் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுதி. செம்புக் கேபிள் செய்தியை மாத்திரமன்றி மின்னலின் எழுச்சியையும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும். ஒரு வீட்டுக்குள் இடும் கேபிளில் இவ்வபாயம் குறைவு. தலைவீட்டிலிருந்து வளவின் வேறொரு கட்டடத்துக்கு வெளியே செல்லும் கேபிளில் அது பெரிது. அத்தகைய இடத்துக்கு ஒளிநார்க் கேபிளும், இரு முனையிலும் மாற்றுக்கருவியும் இடுக. உலோகப் பகுதியற்ற ஒளிநார் மின்னைக் கடத்தாது. செலவு சற்றுக் கூடினும் அதுவே தக்கது. இடிமுழக்கம் நெருங்கும்போது கருவிகளின் மின்பிளக்கையும் வெளியிலிருந்து வரும் கேபிளையும் முன்கூட்டியே கழற்றிவிடுக. முழங்கத் தொடங்கிய பின் அவற்றைத் தொடற்க.

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டை நாம் கண்டோம். மின் நிற்கும்போது நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் யூ.பி.எஸ். வைத்தல் கடினம். கம்பிவழி இதற்கும் உதவும். 2003இல் வகுக்கப்பட்ட 802.3ஏஎவ் நியமப்படி, ஈதர்நெற் கேபிளின் வழியே 15.4 வாற்று வரையில் மின் அனுப்பலாம். இம்முறையை ஏற்கும் நிலையங்களாயின், சுவிச்சுக்கும் தலைநிலையத்துக்கும் வழங்குநரின் பெட்டிக்கும் ஒரு யூ.பி.எஸ். வைத்தல் போதும், கிளைகள் அங்கிருந்தே மின் பெறும். இதற்கும் செம்புக் கேபிளே வேண்டும். அலுமினியக் கலப்பு சூடேறும்.

வாடகை வீடு முதலிய காரணங்களாற் சுவரைத் துளைக்க இயலாதோர், எல்லாக் கிளைக்கும் கம்பி இடவில்லையே என வருந்த வேண்டியதில்லை. மிகத் தளர்ந்த ஒரு கிளைக்கு மாத்திரம், கதவோரமாகவேனும் ஒரு கம்பியைக் கொண்டுசென்றால், அது அலைத்தடத்தை விட்டு நீங்குதலால் ஏனைய கிளைகளும் பயன்பெறும்.

ஒரு வேண்டுகோள்

இவ்வேலையிற் கடினமான பகுதி அறிவன்று, கைப்பழக்கமே. ஒரு சுருள் கேபிளும், முனை கட்டும் குறடும், சோதனைக்கருவியும் இருந்தால், உயர்வகுப்பு மாணாக்கர் இதனை ஆசிரியர் துணையோடு ஓரிரு நாளிற் பழகிக்கொள்வர். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர், அடுத்த நிலையம் ஒன்றை வாங்கி அனுப்புமுன், அப்பணத்தின் ஒரு பகுதியால் இக்கருவிகளைக் கல்லூரிக்கு அளிப்பாராயின், மாணாக்கர்க்கு ஒரு தொழிலறிவும், தனித்து வாழும் முதியோர்க்குப் பேருதவியும் ஒருங்கே உண்டாகும். 230 வோற்றைத் தொடும் எவ்வேலையையும் தேர்ந்த மின்னிணைப்பாளரிடமே விடுதல் வேண்டும் என்பதை மாணாக்கர் மறவாதிருக்க. பிள்ளையின் முகத்தைத் திரையிற் காணக் காத்திருக்கும் பெற்றோர் நம் ஊர்தோறும் உளர். அவர்க்காக இச்சிறுபணியை நாம் கூடிச் செய்வோமாக. அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.